நாலு மணிப் பிழை

பிராங்கின் மாலில், பூன் லெங் கடையில்
அரை விலைக்குக் கிடைத்தன
இரண்டு நினைவகப் பட்டைகள்.
மூவாயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தது.
எழுதியதோடு நிற்கும் ஒன்றை
நான் எப்போது அப்படியே விட்டேன்?

மூவாயிரத்து அறுநூறில் எழுந்தது.
எண்ணூறில் மூன்று முறை முயன்று
திரை வராமல் செத்தது.
காசளவு பேட்டரியைக் கழற்றி மாட்டி
மீண்டும் அறுநூறுக்கு இறங்கினேன்.
மின்னழுத்தம் ஒன்று புள்ளி நான்கு.
தாமதங்களை இறுக்கினேன்,
பதினெட்டு, பதினேழு, பதினாறு.
கடைசியாக ஒன்று மிஞ்சியது.

நினைவகம் என்று பெயர்தானே தவிர
அது விடாமல் மறந்துகொண்டிருக்கும் பொருள்.
ஒவ்வோர் அறையிலும் துளி மின்சாரம்,
ஒழுகும்.
வடிந்து தீர்வதற்குள் யாரோ வந்து
பார்த்து, திரும்ப ஊற்றிவிட்டுப் போகவேண்டும்,
வினாடிக்குப் பதினைந்து தடவை.
ஊற்றும் நேரத்தில் வேலை நிற்கிறது.
ஆகவே ஊற்றுகிறவனிடம்
எப்போதாவது வந்தால் போதும் என்றேன்.
கணினி பறந்தது.

இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை சோதனை.
ஜெலுத்தோங், பதினாலாம் மாடி, கடற்காற்று.
பிழை: பூஜ்யம்.
பச்சை எழுத்தைப் படம் பிடித்துக்கொண்டு
வேலைக்குப் போனேன்.

யோகேஸ் பகலில் அதில்தான்
நாலு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள்.
"நாலு மணிக்கு நின்னு போச்சு."
"என்னத்தைத் தொட்ட?"
"ஒண்ணும் தொடல. நீலமாப் போச்சு."
ராத்திரி முழுக்க ஓடியதே என்று படத்தைக் காட்டினேன்.
அவள் படத்தைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

மறுநாளும்.
பவர் சப்ளையைச் சந்தேகித்தேன்,
பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினை,
விண்டோஸ் அப்டேட்டை.
பட்டைகளை இடம் மாற்றினேன்,
ஒன்றைக் கழற்றி மற்றதோடு ஓட்டினேன்.
இரவில் எல்லாமே யோக்கியமாக இருந்தது.
சேமிக்காமல் விட்டது உன் தப்பு
என்றும் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வாரம் காய்ச்சல். எம்.சி. போட்டேன்.
தண்ணீர் எடுக்கப் போனபோது
ஐஸ்பெட்டிப் பக்கத்தில் நாள்காட்டி.
கிழிக்காமல் மடித்துவைத்த தாள்கள்,
ராகு காலத்துக்குக் கீழே பென்சிலில் அவள் எழுத்து:

திங்கள் 4.10
செவ்வாய் 3.55, 4.40
புதன் மழை, நிற்கவில்லை
வியாழன் 4.15
வெள்ளி காலையிலிருந்து மூட்டம், நிற்கவில்லை
சனி 4.05, வெயில் மேசை வரைக்கும்

என் தொழில் என்ன?
பாயான் லெப்பாஸில்
சில்லுகளைத் தட்டில் அடுக்கி
நூற்றிருபத்தைந்து டிகிரி அடுப்பில் தள்ளி
எது தாங்கும், எது தாங்காது என்று பிரிப்பது.
பதினொரு வருடம்.
சூட்டில் துளி சீக்கிரம் வடியும் என்று தெரிந்து
அறிக்கையில் கையெழுத்திடுகிறவன்
வீட்டில்
குளிரில் சோதித்திருக்கிறேன்.

போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.
வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி
அவள் கணக்குக் கோப்புகளைத் தாண்டி
பெட்டியின் கண்ணாடியில் ஏறியது.
ஐம்பத்தெட்டு டிகிரி.
4.22க்கு முதல் சிவப்பு வரி.
பிறகு நிற்கவேயில்லை.

அவள் பின்னால் நின்றிருந்தாள், கையில் கஞ்சி.
ஊற்றுகிறவனைப் பழைய கணக்குப்படியே
வரச்சொன்னேன்.
வேகம் எவ்வளவு குறைந்தது என்று அளந்தேன்.
நூற்றுக்கு மூன்று.
சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன்.

கஞ்சியை மேசையில் வைத்தாள்.
பென்சிலைத் தேடி எடுத்து வந்தாள்.
"4.22. நீயே எழுது."
எழுதினேன், அவள் எழுத்துக்குக் கீழே, கோணலாக.

"கையெழுத்தும் போடு," என்றாள்.